வயிற்றுக் கிருமியும் இரைப்பை நிணநீர்த் திசு மாற்றமும்: டெஸ்ட் முதல் தொடர் கண்காணிப்பு வரை முழு வழிகாட்டி

எண்டோஸ்கோபி ரிப்போர்ட்டோடு மருந்துக்கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வரிகளைக் காட்டித்தான் விளக்கம் கேட்கிறார்கள். ஒன்று, "எச். பைலோரி பாசிட்டிவ்", அதாவது இரைப்பையில் அந்தப் பெயருள்ள கிருமி இருக்கிறது. இன்னொன்று, "லிம்பாய்டு ஃபாலிக்கிள்கள் காணப்படுகின்றன". முதல் வரிக்கு மாத்திரை எழுதியிருக்கும். இரண்டாவது வரியைப் பற்றி யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். வீட்டில் படித்த பிள்ளை அதை செல்போனில் தேடப்போய் "லிம்போமா", அதாவது நிணநீர்ப் புற்றுநோய் என்ற சொல்லைப் பார்த்திருக்கும். அன்று இரவிலிருந்து அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் இருக்காது.

தருமபுரியில் மருந்தாளுநராக இருக்கிறேன். பாலக்கோடு, பென்னாகரம், அரூர், காவேரிப்பட்டணம் என்று பல பக்கத்திலிருந்தும் வருகிறவர்களுக்கு கவுண்டரில் நின்றபடி துண்டு துண்டாகச் சொல்வதை இங்கே ஒரே ஒழுங்கில் எழுதுகிறேன். இதில் முக்கியமானது ஒன்றுதான். இந்தக் கிருமியை முழுதாக ஒழித்துவிட்டால், அதனால் உண்டாகும் ஒரு வகை இரைப்பைப் புற்றுநோய்கூட ஆரம்ப நிலையில் பெரும்பாலானவர்களுக்கு மாத்திரையிலேயே மறைந்துவிடுகிறது. ஆனால் கிருமி ஒழிந்ததா என்று திரும்பச் சோதிக்கும் படியைத்தான் நம் பக்கத்தில் நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். மாத்திரை தீர்ந்தது, எரிச்சல் நின்றது, அதோடு விஷயம் முடிந்தது என்று நினைக்கிறார்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

ஹெலிகோபாக்டர் பைலோரி என்பது சுருள் வடிவப் பாக்டீரியா. பெரும்பாலும் சிறுவயதில், வீட்டில் இருப்பவர்களிடமிருந்தே தொற்றுகிறது. மருந்து கொடுத்து ஒழிக்காவிட்டால் ஆயுள் முழுக்க இரைப்பையில் தங்கிவிடும். அமிலத்தில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்றுதான் ரொம்ப காலம் மருத்துவ உலகம் நம்பியது. இது யூரியேஸ் என்ற நொதியைச் சுரந்து, யூரியாவை அம்மோனியாவாக மாற்றி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை முறித்துக்கொள்கிறது. பிறகு சளிப்படலத்தைத் துளைத்துக்கொண்டு இரைப்பைச் சுவரை ஒட்டி வாழ்கிறது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் 1982-ல் இதை வளர்த்துக் காட்டினார்கள். மார்ஷல் கிருமி கலந்த திரவத்தைத் தானே குடித்து, இரைப்பை அழற்சி வரவழைத்து நிரூபித்தார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இனி நிணநீர்த் திசுவுக்கு வருவோம். தொண்டையில் டான்சில் இருப்பதுபோல, குடலின் சில பகுதிகளில் நிணநீர்த் திசுத் திட்டுகள் இயல்பாகவே உண்டு. ஆரோக்கியமான இரைப்பையில் அப்படிப்பட்ட திட்டுகள் கிடையாது. பைலோரி குடியேறிய பிறகு, அதை எதிர்க்க வெள்ளணுக்கள் வந்து சேர்கின்றன. அவற்றில் டி அணுக்கள் என்ற வகை கிருமியை அடையாளம் கண்டு பி அணுக்கள் என்ற இன்னொரு வகையைத் தூண்டிவிடுகிறது. பி அணுக்கள் கூட்டமாகப் பெருகி உருண்டைத் திட்டுகளாகின்றன. ரிப்போர்ட்டில் வரும் லிம்பாய்டு ஃபாலிக்கிள் இதுதான். அது புற்றுநோய் அல்ல, உடல் கிருமியோடு சண்டை போடுகிறது என்பதற்கான தடயம். இந்தத் தொற்று உள்ளவர்களின் பயாப்சியில் (எண்டோஸ்கோபியில் கிள்ளி எடுக்கும் திசுத் துணுக்கின் பரிசோதனையில்) சாதாரணமாகவே காணப்படும்.

அந்தச் சண்டை வருடக்கணக்கில் நீடித்தால், மிகச் சிலருக்கு ஒரே ஒரு பி அணுவின் வாரிசுகள் மட்டும் கட்டுப்பாடில்லாமல் பெருகத் தொடங்குகின்றன. அதுதான் மால்ட் லிம்போமா; மால்ட் என்பது இரைப்பை, குடல் போன்றவற்றின் உட்படலத்தை ஒட்டிய நிணநீர்த் திசுவைக் குறிக்கும் சுருக்கப் பெயர். பீட்டர் ஐசக்சன், டென்னிஸ் ரைட் என்ற இரு நோய்க்குறியியல் அறிஞர்கள் 1983-ல் இதைத் தனி நோயாக விவரித்தார்கள். 1991-ல் வாதர்ஸ்பூன் குழுவினர் இப்படிப்பட்ட 110 நோயாளிகளின் இரைப்பைத் திசுவைப் பார்த்தபோது 101 பேரிடம் பைலோரி இருந்தது. 1993-ல் அதே குழுவினர் ஆறு நோயாளிகளுக்குக் கிருமிக்கான மருந்தை மட்டும் கொடுத்தார்கள். ஐந்து பேருக்குக் கட்டி மறைந்தது. கீமோவும் இல்லை, ஆபரேஷனும் இல்லை.

காரணம் இதுதான். ஆரம்பக் கட்டத்தில் அந்தப் புற்றணுக்களால் சொந்தமாகப் பெருக முடியாது. கிருமியால் உசுப்பேறிய டி அணுக்கள் அனுப்பும் தூண்டுதல் வந்துகொண்டே இருக்க வேண்டும். மடையை அடைத்தால் வயலில் பயிர் வாடுவதுபோல, கிருமியை ஒழித்தால் அந்த அணுக்கள் வாடிவிடுகின்றன. விட்டுவைத்தால், ஒரு கட்டத்தில் மரபணு மாற்றங்கள் சேர்ந்து, கிருமியின் தயவே இல்லாமல் வளரும் நிலைக்குப் போய்விடலாம்.

பயத்துக்கும் ஓர் அளவு வேண்டும். இந்தியாவில் பெரியவர்களில் பாதிக்கு மேற்பட்டோரிடம் இந்தக் கிருமி இருக்கிறது. பெரும்பாலோருக்கு அது எந்தத் தொந்தரவும் கொடுப்பதில்லை. பத்தில் ஒருவர் அளவுக்கு அல்சர் வரலாம். மால்ட் லிம்போமா வருவது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. அதே சமயம், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994-லேயே இதை உறுதியான புற்றுநோய்க் காரணிகள் பட்டியலில் சேர்த்துவிட்டது. கிருமி இருக்கிறது என்று தெரிந்த பிறகு அலட்சியமாக விட இடமில்லை.

படி 1: கேஸ் மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டிய நேரம்

"கேஸ் மாத்திரை ஒரு அட்டை குடுங்க" என்பது எங்கள் கடையில் தினமும் கேட்கும் வாசகம். பான்டபிரசோல், ஓமெப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரைகள் எரிச்சலை அடக்கும், கிருமியைக் கொல்லாது. அல்சரோ கட்டியோ இருந்தால் வலியை மட்டும் மறைத்து, கண்டுபிடிப்பதைத் தள்ளிப்போடும். மால்ட் லிம்போமாவுக்கென்று தனி அறிகுறியும் கிடையாது. மேல்வயிற்று வலி, நெஞ்செரிச்சல், உப்புசம், நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்த உணர்வு என்று எல்லாம் சாதாரண அஜீரணம் போலத்தான் இருக்கும்.

ஆகவே எரிச்சல் சில வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, மாத்திரையை நிறுத்தியதும் திரும்ப வந்தாலோ டாக்டரிடம் போங்கள். கீழே சொல்பவற்றில் ஒன்று இருந்தால்கூட தள்ளிப்போடக் கூடாது: தார் போலக் கறுப்பாக, பிசுபிசுப்பாக மலம் போவது, ரத்த வாந்தி, காரணமில்லாமல் எடை குறைவது, விழுங்கும்போது அடைப்பது, நிற்காத வாந்தி, ரத்தசோகை, நெருங்கிய ரத்த உறவில் யாருக்காவது இரைப்பைப் புற்றுநோய். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக அஜீரணம் தொடங்கினாலும் அப்படித்தான். ரத்த வாந்தியோ கறுப்பு மலத்தோடு மயக்கமோ வந்தால் 108-ஐ அழையுங்கள்.

நம் இரண்டு மாவட்டத்துக்கும் உரிய ஒரு விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன் பல வருடம் போர் தண்ணீரையே குடித்து வளர்ந்த தலைமுறைக்கு மூட்டுவலி, முதுகுவலி, இடுப்பு இறுக்கம் நிறைய. வலி வந்தால் கடையில் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொண்டு மாந்தோப்புக்கோ தக்காளிக் காட்டுக்கோ வேலைக்குப் போய்விடுவார்கள். இந்த வலி மாத்திரைகள் தனியாகவே இரைப்பையைப் புண்ணாக்கக் கூடியவை. உள்ளே பைலோரியும் இருந்தால் அல்சர் வரும் ஆபத்து பல மடங்கு கூடும், ரத்தக்கசிவும் ஆகலாம். டாக்டரிடம் போகும்போது "வலி மாத்திரை எத்தனை நாளா போடுறேன்" என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அட்டையையே எடுத்துப் போங்கள்.

படி 2: எந்த டெஸ்ட், எப்போது

அபாய அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கு எண்டோஸ்கோபி இல்லாமலே கண்டுபிடிக்க இரண்டு நல்ல டெஸ்டுகள் உண்டு.

மூச்சுப் பரிசோதனையில், சிறப்புக் கார்பன் சேர்த்த யூரியாவை விழுங்கச் சொல்லி, சற்று நேரம் கழித்து ஒரு பையிலோ கார்டிலோ ஊதச் சொல்வார்கள். கிருமி இருந்தால் அதன் யூரியேஸ் அந்த யூரியாவை உடைத்துவிடும், அடையாளம் மூச்சில் வந்துவிடும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் கதிரியக்கம் இல்லாத கார்பன் 13 வகையைத்தான் எடுக்க வேண்டும். எல்லா ஊரிலும் இந்த வசதி கிடையாது.

மலத்தில் கிருமியின் புரதம் இருக்கிறதா என்று பார்க்கும் மல ஆன்டிஜென் பரிசோதனை அதைவிட எளிது. லேபில் கொடுக்கும் டப்பாவில் கொஞ்சம் மாதிரி எடுத்து, அன்றைக்கே சேர்த்துவிட வேண்டும். வெயிலில் பைக் டேங்க் கவரில் வைத்து அலைய வேண்டாம்.

ரத்தத்தில் ஆன்டிபாடி (கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதம்) பார்ப்பது மூன்றாவது. சுலபமாகக் கிடைக்கிறது என்பதற்காகப் பலரும் இதை எடுக்கிறார்கள். எப்போதோ வந்துபோன தொற்றுக்கும் இப்போது இருக்கும் தொற்றுக்கும் இதில் வித்தியாசம் தெரியாது. சிகிச்சை முடிந்து வருடக்கணக்கில்கூட பாசிட்டிவாகவே காட்டும். முடிந்தவரை தவிர்த்துவிடுங்கள்.

மூச்சுப் பரிசோதனைக்கும் மலப் பரிசோதனைக்கும் ஒரே விதி: அமிலக் குறைப்பு மாத்திரையை 2 வாரம் முன்பே நிறுத்த வேண்டும், ஆன்டிபயாட்டிக்கையும் பிஸ்மத் என்ற வயிற்று மருந்தையும் 4 வாரம் முன்பே. நிறுத்தாமல் எடுத்தால் கிருமி இருந்தும் "இல்லை" என்று வரலாம். இந்தப் பொய் நெகட்டிவ்தான் எனக்கு மிகவும் கவலை தருவது. ஆள் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார், கிருமி உள்ளேயே இருக்கும். இடைப்பட்ட நாட்களில் எரிச்சல் தாங்கவில்லை என்றால் ஆன்டாசிட் சிரப் குடிக்கலாமா என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அல்சரில் ரத்தக்கசிவு வந்தவர்கள் எந்த மாத்திரையையும் தாமாக நிறுத்தக் கூடாது.

படி 3: எண்டோஸ்கோபி

மேலே சொன்ன அபாய அறிகுறி உள்ளவர்களுக்கு நேராக எண்டோஸ்கோபிதான். தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கேட்டுப் பாருங்கள். ஓசூர் பக்கத்தார் பெங்களூருக்கும், அரூர் பக்கத்தார் சேலத்துக்கும் போவதும் உண்டு.

ஆறிலிருந்து எட்டு மணி நேரம் வெறும் வயிற்றில் இருக்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் சர்க்கரை நோயாளிகளும் அன்று காலை எதைச் சாப்பிடலாம், எதை விடலாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தொண்டையில் மரத்துப்போகும் மருந்தை அடித்துவிட்டு மெல்லிய குழாயை உள்ளே விடுவார்கள். குமட்டும், ஆனால் வலிக்காது. சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

இதில் நோயாளி கேட்டே ஆக வேண்டியது ஒன்று உண்டு: "பயாப்சி எடுத்தீங்களா டாக்டர், எத்தனை இடத்துல?" மால்ட் லிம்போமா பார்வைக்கு வெறும் சிவப்பாகவோ, சின்னப் புண்ணாகவோ, தடித்த மடிப்பாகவோதான் தெரியும். சில சமயம் பார்க்க எல்லாமே சரியாக இருப்பதுபோலவும் இருக்கும். அது ஒரே இடத்தில் நிற்காமல் இரைப்பையில் அங்கங்கே சிதறி வளரும் பழக்கம் உடையது. சாதாரண அழற்சியைப் பார்க்கவே இரைப்பையின் கீழ்ப்பகுதி, வளைவு, நடுப்பகுதி என்று ஐந்து துணுக்குகள் எடுப்பது முறை. சந்தேகம் இருந்தால் புண் உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் இன்னும் நிறைய எடுக்க வேண்டும்.

எண்டோஸ்கோபி அறையிலேயே ஒரு டெஸ்ட் நடக்கும். ஒரு துணுக்கை யூரியா கலந்த மஞ்சள் ஜெல் வில்லையில் வைப்பார்கள். கிருமி இருந்தால் யூரியேஸ் அம்மோனியாவை உண்டாக்கி, மஞ்சள் மெல்ல மெல்ல ரோஸ் நிறமாகும். சில நேரம் நிமிடங்களிலேயே மாறிவிடும், சில நேரம் மணிக்கணக்காகும். இதுவும் அமிலக் குறைப்பு மாத்திரை சாப்பிட்டிருந்தாலோ சமீபத்தில் ரத்தக்கசிவு இருந்தாலோ ஏமாற்றும். மற்றத் துணுக்குகள் ஃபார்மலின் புட்டியில் பத்தாலஜி லேபுக்குப் போகும்.

படி 4: பயாப்சி ரிப்போர்ட்டைப் படிப்பது

ரிப்போர்ட் வந்ததும் பதற்றப்படாமல் கீழ்க்கண்ட சொற்களைத் தேடுங்கள்.

"க்ரானிக் ஆக்டிவ் கேஸ்ட்ரைட்டிஸ்" என்றால் நாள்பட்ட அழற்சி. பைலோரி உள்ளவர்களுக்கு ஏறக்குறைய எல்லோருக்கும் வரும். "லிம்பாய்டு அக்ரிகேட்", "லிம்பாய்டு ஃபாலிக்கிள்" என்றால் முன்பு சொன்ன சண்டைத் திட்டுகள். "ஃபாலிக்குலர் கேஸ்ட்ரைட்டிஸ்" என்றால் அந்தத் திட்டுகள் நிறைய இருக்கின்றன என்று பொருள், குழந்தைகளுக்கும் வரும். இவை மூன்றும் லிம்போமா அல்ல. கிருமியை ஒழியுங்கள், ஒழிந்ததைச் சரிபாருங்கள். திட்டுகள் உடனே மறையாது, மாதக்கணக்கில் மெல்லக் குறையும்.

"இன்டெஸ்டினல் மெட்டாபிளேசியா" (இரைப்பைப் படலம் குடல் படலம் போல மாறுவது), "அட்ராஃபி" (படலம் மெலிந்துபோவது) என்ற சொற்கள் வேறு பாதை. அவை வேறு வகை இரைப்பைப் புற்றுநோயோடு தொடர்புடையவை. டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள்.

"லிம்போ எபிதீலியல் லீஷன்" என்று இருந்தால் கவனம் தேவை. நிணநீரணுக்கள் இரைப்பைச் சுரப்பிகளுக்குள்ளேயே புகுந்து அவற்றைச் சிதைக்கின்றன என்று அதற்குப் பொருள். "அடிப்பிக்கல் லிம்பாய்டு இன்ஃபில்ட்ரேட்" என்பதும் அப்படித்தான். இங்கேதான் வாதர்ஸ்பூன் மதிப்பெண் வரும். 0 என்றால் இயல்பு. 1 சாதாரண அழற்சி. 2 திட்டுகளோடு கூடிய அழற்சி. 3 சந்தேகம், ஆனால் பெரும்பாலும் அழற்சியே. 4 சந்தேகம், பெரும்பாலும் லிம்போமா. 5 மால்ட் லிம்போமா. மூன்றும் நான்கும் இரண்டுங்கெட்டான் நிலை. அந்த நிலையில் திரும்பவும் பயாப்சி எடுக்கவும், அனுபவமுள்ள இன்னொரு நோய்க்குறியியல் நிபுணர் பார்க்கவும் வேண்டியிருக்கலாம். அணுக்களில் உள்ள புரத அடையாளங்களைப் பார்க்கும் இம்யூனோ டெஸ்டில் சி.டி. 20 பாசிட்டிவாகவும், சி.டி. 5, சி.டி. 10, சைக்ளின் டி1 நெகட்டிவாகவும் வருவது மால்ட் லிம்போமாவின் வழக்கமான முகம். "லார்ஜ் செல்" என்ற சொல் இருந்தால் வேகமாக வளரும் வகையாக இருக்கலாம். அதற்கு ஆன்காலஜி (புற்றுநோய்) டாக்டரை உடனே பார்க்க வேண்டும்.

படி 5: 14 நாள் மருந்து

இந்தியாவில் மெட்ரோனிடசோல் பல இடங்களில் இந்தக் கிருமியிடம் எடுபடுவதில்லை. கிளாரித்ரோமைசினுக்கும் எதிர்ப்பு வளர்ந்துவருகிறது. அதனால் இப்போது பல டாக்டர்கள் முதலில் எழுதுவது பிஸ்மத் சேர்ந்த நான்கு மருந்து முறை. அதாவது அமிலக் குறைப்பு மாத்திரை தினம் 2 வேளை, பிஸ்மத் 4 வேளை, டெட்ராசைக்ளின் 4 வேளை, மெட்ரோனிடசோல் 3 வேளை. மெட்ரோனிடசோல் இதிலும் உண்டு, ஆனால் மற்ற மூன்றோடு சேரும்போது அந்த எதிர்ப்பை ஓரளவு சமாளிக்கலாம். கணக்குப் போட்டால் 14 நாளில் 182 மாத்திரை. கிளாரித்ரோமைசின், அமாக்சிசிலின் சேர்ந்த கிட் எழுதுகிற டாக்டர்களும் உண்டு. எந்த முறை என்பது உங்கள் டாக்டரின் முடிவு. பக்கத்து வீட்டுக்காரர் குணமான சீட்டைக் கடையில் நீட்டாதீர்கள்.

182 மாத்திரை என்றதும் மலைப்பு வரும். நடுவில் நிறுத்துவதுதான் எல்லாவற்றையும்விடக் கெடுதல். பாதியில் விட்டால் தப்பிப் பிழைத்த கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும், அடுத்த முறை அதே மருந்து வேலை செய்யாது. ஆகவே முதல் நாளே மொத்தத்தையும் வாங்கிவிடுங்கள். காசு போதவில்லை என்றால் ஐந்து நாள் மருந்தாக வாங்கிப் போகாமல் அரசு மருத்துவமனையிலேயே கேளுங்கள். ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு, ஒவ்வொரு வேளைக்கும் டிக் அடித்துக்கொண்டு வாருங்கள்.

அமிலக் குறைப்பு மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போட வேண்டும். டெட்ராசைக்ளினை நிறைய தண்ணீரோடு நிமிர்ந்து உட்கார்ந்து விழுங்க வேண்டும், விழுங்கிய கையோடு படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகிவிடும். பால், மோர், இரும்பு மாத்திரை, கால்சியம் மாத்திரை ஆகியவற்றோடு சேர்த்தால் அது உடலில் சேராது. இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். ராகியில் கால்சியம் மிகுதி என்பது நமக்குப் பெருமைதான். ஆனால் இந்த 14 நாளும் களி தின்ற கையோடு டெட்ராசைக்ளினைப் போடாதீர்கள். கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும், எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் இது ஆகாது.

மெட்ரோனிடசோல் சாப்பிடும் நாட்களிலும், முடிந்த பிறகு மூன்று நாளும் சாராயம் கூடாது. வாந்தி, படபடப்பு, முகச் சிவப்பு வரலாம். பீடி, சிகரெட் குடிப்பவர்களுக்கு இந்தச் சிகிச்சை தோற்கும் வாய்ப்பு கூடுதல். இரண்டு வாரமாவது விட்டுப் பாருங்கள்.

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் விடியற்காலை பஸ்ஸில் வந்து, கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றிருந்தார். "ஏம்மா, நாக்கெல்லாம் கறுத்துப் போச்சு. வெளிக்கிப் போனாலும் கறுப்பாப் போகுது. மாத்திரையில விஷம் கிஷம் கலந்திருக்கா?" என்றார். நாக்கை நீட்டினார், நாவல்பழம் தின்றவர் நாக்கு மாதிரி கறுத்திருந்தது. "அது பிஸ்மத் மாத்திரையோட நிறம்தான் தாத்தா. கோர்ஸ் முடிஞ்ச சில நாள்ல தானா போயிடும், நிறுத்திடாதீங்க" என்றேன். கூடவே, மலம் தார் போலப் பிசுபிசுக்கிறதா, மயக்கம் வருகிறதா என்றும் கேட்டேன். இல்லை என்றார். பிஸ்மத்தின் கறுப்பு கெட்டியாக, சாதாரண மலம் போலவே இருக்கும். ரத்தக்கசிவின் கறுப்பு பிசுபிசுப்பாக, கடும் நாற்றத்தோடு வரும், கூடவே தலைச்சுற்றலும் இருக்கும். இரண்டாவது வகை என்று சந்தேகம் வந்தால்கூட உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வாயில் இரும்புச் சுவை, லேசான குமட்டல், வயிற்றுப்போக்கு ஆகியவை எதிர்பார்க்கக் கூடியவை. உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சுத் திணறல், முகம் வீங்குதல் வந்தால் மருந்தை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பென்சிலின் அலர்ஜி இருந்தவர்கள் அமாக்சிசிலின் எழுதும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

வேறு நோய்களுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பட்டியலைக் காட்டுவது கட்டாயம். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அதில் வீட்டுக்கே வரும் பி.பி., சர்க்கரை மாத்திரைகளை "டாக்டர் எழுதின மருந்து" என்ற கணக்கிலேயே பலர் சேர்ப்பதில்லை. கிளாரித்ரோமைசின் அம்லோடிபினோடு சேர்ந்தால் ரத்த அழுத்தம் அதிகமாக இறங்கலாம். கிளிபென்கிளமைடோடு சேர்ந்தால் சர்க்கரை தாழலாம். கொழுப்பு மாத்திரையோடு சேர்ந்தால் தசைக்குக் கெடுதல். அந்த அட்டைகளையும் எடுத்துப் போங்கள்.

மணத்தக்காளிக் கீரை, மோர், தேங்காய்ப்பால் எல்லாம் வயிற்றுக்கு இதமானவை, தாராளமாகச் சாப்பிடுங்கள். கிருமியை அவை ஒழிக்கும் என்று நம்பி மருந்தை விடாதீர்கள்.

படி 6: ஒழிந்ததா என்று பார்ப்பது

எரிச்சல் நின்றது என்பது கிருமி செத்ததற்கு அத்தாட்சி அல்ல. கடைசி ஆன்டிபயாட்டிக் முடிந்து குறைந்தது 4 வாரம் கழித்து, அமிலக் குறைப்பு மாத்திரையையும் 2 வாரம் நிறுத்திவிட்டு, மூச்சுப் பரிசோதனையோ மல ஆன்டிஜெனோ எடுக்க வேண்டும். ரத்த டெஸ்ட் இதற்கு உதவாது. சிகிச்சை தொடங்கும் நாளிலேயே இந்தத் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டுவிடுங்கள். மாம்பழ சீசனோ அறுவடையோ நடுவில் வந்தால் ஒரு வாரம் தள்ளலாம், மறந்துவிடக் கூடாது.

இன்னும் பாசிட்டிவ் என்றால் முதல் முறை கொடுத்த ஆன்டிபயாட்டிக்கையே திரும்பக் கொடுப்பதில் பெரும்பாலும் பயனில்லை. வேறு சேர்க்கை எழுதுவார்கள். அப்போது பழைய சீட்டு கையில் இருக்க வேண்டும்.

படி 7: மால்ட் லிம்போமா என்றே வந்தால்

"கேன்சர்" என்று காதில் விழுந்ததும் நிலத்தை அடமானம் வைக்கக் கிளம்பாதீர்கள். இது மெல்ல வளரும் நோய். ஐந்து ஆண்டுகளைத் தாண்டி வாழ்பவர்கள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல்.

முதலில் நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பார்ப்பார்கள். சி.டி. ஸ்கேன், ரத்தப் பரிசோதனைகள், வசதி இருந்தால் எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்ட், சிலருக்கு எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை. ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. ஆகியவற்றையும் பார்ப்பார்கள். பயாப்சித் துணுக்கில் 11, 18-ஆம் குரோமோசோம்களுக்கு இடையே இடமாற்றம் இருக்கிறதா என்ற மரபணு டெஸ்ட்டும் உண்டு. அது பாசிட்டிவ் என்றால் கிருமி மருந்து மட்டும் போதாமல் போகும் வாய்ப்பு கூடுதல்.

நோய் இரைப்பையோடு நின்றிருந்தால் முதல் சிகிச்சை படி 5-ல் சொன்ன அதே 14 நாள் மருந்துதான். ஆரம்ப நிலையில் நாலில் மூன்று பேர் அளவுக்கு இதிலேயே முழுமையாகத் தேறுகிறார்கள். பைலோரி டெஸ்ட் நெகட்டிவாக வந்தவர்களுக்கும் சில சமயம் இதே மருந்தைக் கொடுத்துப் பார்ப்பார்கள், சிலருக்குப் பலன் கிடைக்கிறது.

பொறுமை தேவைப்படுவது இதற்கப்புறம்தான். கிருமி சில வாரங்களில் போய்விடும், கட்டி கரைய மாதங்கள் ஆகும். சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேலாகும். மருந்து முடிந்து இரண்டு மூன்று மாதத்தில் ஓர் எண்டோஸ்கோபியும் பயாப்சியும் எடுத்து நோய் வளரவில்லை என்று பார்ப்பார்கள். பிறகு இரண்டு வருடத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. கண்ணுக்குக் கட்டி மறைந்து, நுண்ணோக்கியில் மட்டும் மிச்சம் தெரிந்தால் ஒரு வருடமாவது காத்திருந்து பார்ப்பது ஏற்கப்பட்ட வழிதான். "இன்னும் இருக்குன்னு எழுதியிருக்கு, டாக்டர் சும்மா இருக்காரே" என்று வீட்டார் கோபப்படுவது புரிகிறது. அந்தச் சும்மா இருப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதி.

கிருமி போயும் கட்டி போகவில்லை, அல்லது வளர்கிறது என்றால் குறைந்த அளவுக் கதிர்வீச்சு நன்றாக வேலை செய்கிறது. பரவியிருந்தால் பி அணுக்களைத் தாக்கும் ரிட்டுக்சிமாப் ஊசியும், கூடவே கீமோவும் தேவைப்படலாம். ரிட்டுக்சிமாப் போடும் முன் ஹெபடைடிஸ் பி டெஸ்ட் எடுத்தே ஆக வேண்டும். எடுத்தார்களா என்று கேளுங்கள். இரைப்பையையே வெட்டி எடுக்கும் ஆபரேஷன் இப்போது இந்த நோய்க்கு அரிது. புற்றுநோய்ச் சிகிச்சைகள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருகின்றன. அட்டை இருந்தால் மருத்துவமனையில் உள்ள காப்பீட்டு கவுண்டரில் முதல் நாளே பதிவு செய்யுங்கள்.

முழுமையாகத் தேறிய பிறகும் தொடர்பை அறுக்க வேண்டாம். இவர்களுக்கு வேறு வகை இரைப்பைப் புற்றுநோய் வரும் ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதல். எத்தனை காலத்துக்கு ஒருமுறை எண்டோஸ்கோபி என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டில் மற்றவர்களுக்கு

எல்லோருக்கும் டெஸ்ட் எடுக்கத் தேவையில்லை. தொந்தரவு உள்ளவர்களும், பெற்றோர், உடன்பிறந்தோர் யாருக்காவது இரைப்பைப் புற்றுநோய் வந்தவர்களும் எடுத்தால் போதும். பாட்டி வாயில் மென்று பேரனுக்கு ஊட்டும் பழக்கத்தை மட்டும் அன்பாகச் சொல்லி நிறுத்துங்கள். கழிப்பறைக்குப் போய்வந்த பிறகும், சாப்பிடும் முன்பும் சோப்பு போட்டுக் கை கழுவுவது, குடிநீரைக் காய்ச்சிக் குடிப்பது ஆகியவற்றைப் பழக்குங்கள். காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. ஆகவே ஒகேனக்கல் தண்ணீர் வரும் ஊர்களில் குடிக்கவும் சமைக்கவும் அதையே பயன்படுத்துங்கள்.

ஃபைலில் என்னென்ன இருக்க வேண்டும்

எண்டோஸ்கோபி ரிப்போர்ட், அதன் படங்கள், பயாப்சி ரிப்போர்ட்டின் எல்லாப் பக்கங்கள், இதுவரை சாப்பிட்ட ஆன்டிபயாட்டிக் சீட்டுகள், ஒழிந்ததைக் காட்டும் டெஸ்ட் முடிவு, மற்ற நோய்களின் மாத்திரைப் பட்டியல். லிம்போமா சந்தேகம் உள்ளவர்கள் இன்னொன்றும் கேட்டு வாங்க வேண்டும். பயாப்சித் துணுக்கை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பாரஃபின் பிளாக்கும், அதிலிருந்து செய்த ஸ்லைடுகளும்தான் அவை. அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட், வேலூர் சி.எம்.சி., பெங்களூர் கித்வாய் என்று எங்கே இரண்டாவது கருத்துக்குப் போனாலும் முதலில் கேட்பது பெரும்பாலும் அதைத்தான். கையில் இல்லையென்றால் திரும்ப ஒரு எண்டோஸ்கோபி, திரும்ப ஒரு காத்திருப்பு. துணுக்கைப் பரிசோதித்த லேபில் டாக்டரின் கடிதத்தோடு போய்க் கேட்டால் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பார்கள். பிளாக்கின் மேல் எழுதியிருக்கும் எண்ணும் ரிப்போர்ட்டில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று அங்கேயே சரிபார்த்துவிட்டு, வெயில் படாத டப்பாவில் வைத்து எடுத்துப் போங்கள்; மெழுகு சூட்டில் இளகிவிடும்.